உயிரோடு விட வேண்டிய மீன்

கம்பியில் தொங்கிய கூடை ஆற்றுக்கு நடுவில் நின்றுவிட்டது. சூட்கேஸ் என் மடியில் இருந்தது. கூடை என்றால் இரும்புப் பட்டிகளை வளைத்துச் செய்த ஒரு பெட்டி. முழங்காலைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் உட்காரலாம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தடித்த கம்பி ஒன்று கட்டியிருக்கிறது. கூடையில் கட்டிய கயிற்றை அக்கரையில் நிற்பவர் இழுக்க, நாம் போய்ச் சேருகிறோம். இமாசல மலைக்குள் இருக்கும் அந்தக் கிராமத்தில் பால் கான், சிமெந்து மூட்டை, கல்யாணப் பெண் எல்லாமே இப்படித்தான் ஆற்றைக் கடக்கின்றன. எனக்கு முன்னால் ஓர் ஆடு போனது. அது ஒரு சத்தமும் போடாமல் போனது.

"கயிறு சிக்கிவிட்டது! ஆடாதீர்கள்!" என்று அக்கரையிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் கத்தினாள்.

"நான் ஆடேல்ல, கூடைதான் ஆடுது!" என்று நான் தமிழில் கத்தினேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அவள் விளங்கியவள் போலத் தலையாட்டிவிட்டு, கயிற்றை ஒரு உதறு உதறி இழுத்தாள். கரையில் கால் வைத்ததும் அவள் சூட்கேஸுக்குக் கை நீட்டினாள். ஆனாலும் சூட்கேஸை நானே தூக்கிக்கொண்டேன்.

அவள்தான் கமலா. ஆற்றங்கரையில் இருக்கும் நான்கு அறை விடுதி அவளுடையதும் அவள் கணவன் ஹீராவுடையதும். அவளுக்கும் என் வயதுதான், இருபத்தேழு. ஹீரா வான் ஓட்டுகிறான், சமைக்கிறான். தூண்டில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது கமலா.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் வேலை செய்கிறேன். முதலாளி ரிஸ்வி சேருக்கு, பெண்கள் மட்டும் போகும் ஒரு பயணத்தைத் தொடங்கும் ஆசை வந்தது. மலை, ஆறு, தூண்டில். வெள்ளவத்தை அன்ரிமார் முதல் எங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள் வரை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். குழுவை யார் கூட்டிப் போவது என்பதுதான் கேள்வி. அலுவலகத்தில் டிலான் இருக்கிறான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தூண்டிலோடு திரிபவன். எல்லோரும் அவன்தான் என்று நினைத்தார்கள். நான் போய், எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன்.

"புள்ள, ஒனக்குத் தூண்டிலே புடிக்கத் தெரியாதே" என்றார் ரிஸ்வி சேர்.

"அதுதான் சேர் நல்லது. வாற பொம்பிளையளுக்கும் தெரியாது. எனக்கு நாலு நாளில வந்தா அவையளுக்கும் வரும் எண்டு காட்டலாம்."

அவர் பால் இல்லாத பிளேன்டீயைக் கலக்கினார். "சரி. நாலு நாள். நீயே புடிக்கோணும். நீயே உசிரோட தண்ணில உடோணும். வீடியோ எடுத்து அனுப்பு. இல்லாட்டி குரூப் டிலானுக்கு. பொறகு என்னோட கோவிக்கப்படாது."

ஒரு குழுவுக்கு நான் பொறுப்பு என்ற நிலை அதுவரை எனக்கு வந்ததில்லை. அன்று மாலையே எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். அம்மா ஞாயிறு பூசை முடிந்ததும் மிச்சப் பேருக்குச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா எட்டு வயதில் மீன் பெட்டி தூக்கத் தொடங்கியவர். இப்போது கொட்டாஞ்சேனைச் சந்தையில் சொந்தமாக ஒரு மீன் தட்டு வைத்திருக்கிறார். அம்மா கையெழுத்துப் போடப் பழகியது என்னிடம். நான் பட்டம் எடுத்து, மூன்று மொழியில் மின்னஞ்சல் எழுதி, விமானம் ஏறுகிறவள். மீன்காரர் வீடு என்றாலும் எனக்கு மீன் வெட்டத் தெரியாது. "பேனை பிடிக்கிற கை மணக்கக் கூடாது" என்று அப்பா கத்தியைத் தரமாட்டார்.

ஹீரா முதல் நாள் தன் வானில் என்னை ஏற்றி வரும்போதே விசாரித்திருந்தான்.

"மெட்ராஸா?"

"இல்லை, கொழும்பு."

"அது மெட்ராஸுக்குப் பக்கத்திலா?"

"நடுவில் கடல் இருக்கிறது."

"கடலா? அப்படியானால் மீன் தெரியும்."

"என் அப்பா மீன் வியாபாரி."

விடுதிக்குப் போனதும் அவன் கமலாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன என்று கேட்டேன். "கமலா, உனக்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியை வந்திருக்கிறாள் என்கிறான்" என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்.

அன்று மதியம் சித்து என்ற ஒன்றைச் சாப்பிடத் தந்தார்கள். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே அக்ரூட் பருப்பு அரைத்து வைத்து, ஆவியில் அவித்த பெரிய கொழுக்கட்டை. மேலே உருக்கிய நெய்யை ஊற்றுகிறார்கள். ஊற்றுவது என்றால் சித்து நீந்தும்வரை. தேங்காய் இல்லை, மிளகாய் இல்லை. இரண்டு வாய்க்குப் பிறகு நான் அறைக்குப் போய் அம்மா தந்துவிட்ட சீனிச்சம்பல் போத்தலை எடுத்து வந்தேன். ஹீரா ஒரு விரல் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு கரண்டி. பிறகு போத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, இது எந்தப் பழத்தில் செய்தது என்று கேட்டான். வெங்காயம் என்றேன். அவன் நம்பவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கமலா ஆற்றின் சட்டத்தைச் சொன்னாள். கூடைக் கம்பியிலிருந்து மேலே இரண்டு வளைவு வரை உள்ள ஆற்றைக் கிராமத்துப் பெண்கள் சங்கம் பார்த்துக்கொள்கிறது. அங்கே ட்ரவுட் மீனைப் பிடிக்கலாம். பிடித்ததை உயிரோடு விட வேண்டும். யார் கையிலாவது ஒரு மீன் செத்தால் அவர் மறுநாள் தூண்டிலைத் தொடக்கூடாது. சங்கம் மீன்குஞ்சு வளர்க்கும் தொட்டிகளில் ஒரு நாள் வேலை செய்ய வேண்டும்.

"ஒருவரும் பார்க்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"தானே போய்ச் சொல்ல வேண்டும்."

"சொல்கிறார்களா?"

"ஊர்க்காரர்கள் சொல்வார்கள். விருந்தினர்களிடம் நாங்கள் அதை எதிர்பார்ப்பதில்லை" என்றாள், மிக மரியாதையாக. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பாடம் ஆற்றில் அல்ல, விடுதிக்குப் பின்னால் இருந்த ஆப்பிள் தோட்டத்துப் புல்லில். தூண்டில் முள்ளுக்குப் பதில் நூல் நுனியில் ஒரு சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டித் தந்தாள். தடியைப் பின்னால் கொண்டு போக வேண்டும், நிறுத்த வேண்டும், நூல் பின்னால் முழுதாக நீளும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு முன்னால் விட வேண்டும். கேட்க எளிது. என் கம்பளித் துண்டு முதலில் என் காதில் விழுந்தது. பிறகு விடுதி நாயின் முதுகில்.

"மேடம், நீங்கள் அடிக்கிறீர்கள். அடிக்காதீர்கள். நிறுத்துங்கள்" என்றாள் கமலா. என் முழங்கை உடம்பை விட்டுப் பறக்கிறது என்று சொல்லி, மடித்த துவாய் ஒன்றை என் அக்குளில் செருகினாள். துவாய் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் துவாயைப் பொறுக்கியதுதான் வேலை. வெயில் இறங்கும் நேரத்தில், தொடர்ந்து இருபது தடவை துவாய் விழாமல் வீசினேன். கமலா தேநீர் கொண்டுவந்து தந்தாள். "மேடம்" என்பதை அப்போதுதான் விட்டாள். "நாளைக்குத் தண்ணீர், ஷாமினி" என்றாள்.

காலையில் ஆறு கண்ணாடி போல இருக்கும். மதியத்துக்கு மேல் மேலே பனி உருகி வந்து தண்ணீர் சாம்பல் நிறமாகும். அதற்குப் பிறகு மீன் பிடிக்க நினைப்பது வீண். ஆகவே இரண்டாம் நாள் விடிந்ததும் இறங்கினோம். முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் சப்பாத்து தந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீரெல்லாம் காலி முகத்திடலில் பார்த்த கடலும், வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் தெரியும் கடலும்தான். அது உப்பு, சூடு, தெரிந்த ஆள். இந்த ஆறு என்னைத் தெரியாத மாதிரித் தள்ளியது. ரப்பருக்குள்ளும் கால் விறைத்தது. உருண்டைக் கல் ஒன்றில் வழுக்கி இடுப்புவரை நனைந்தேன். எழுந்து நின்று மறுபடி வீசினேன்.

அன்று நான் பிடித்தவை: ஒரு வில்லோ மரக்கிளை, அதே மரத்தின் இன்னொரு கிளை, கமலாவின் சால்வை. மூன்று பூச்சிகளை மரமே வைத்துக்கொண்டது. பூச்சி என்றால் முள்ளைச் சுற்றி இறகும் நூலும் கட்டிச் செய்தது. கமலா அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவாள். அப்படி நசுக்கினால்தான் மீனைக் காயப்படுத்தாமல் கழற்றலாம்.

மதியம் சாப்பாட்டு மேசையில் டெல்லியிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். எனக்கு ஹிந்தி தெரியாது என்று நினைத்து அவர்கள் பேசியது, தொலைக்காட்சி நாடகம் பார்த்த புண்ணியத்தில் எனக்கு விளங்கியது.

"அந்த இலங்கைப் பெண் காலை முழுக்க மரத்தோடு சண்டை போட்டாள்" என்றார் கணவர்.

"யார் வென்றது?"

"மரம்."

நான் என் ராஜ்மாவை வாயில் வைத்தபடி, எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "நாளைக்கும் சண்டை இருக்கிறது" என்றேன். அந்த அம்மா மேசையில் தட்டிச் சிரித்தார். கணவர் தன் ஊறுகாயை எனக்குத் தள்ளினார்.

மூன்றாம் நாள். கமலா என்னை முதல் வளைவில், பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுற்றி ஓய்கிற இடத்தில் நிறுத்தினாள். என் போனைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். எத்தனை தடவை வீசினேன் என்று நினைவில்லை. பூச்சி பாறையோரம் விழுந்து இறங்கி வந்தது. நூல் நின்றது. கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்துத் தடியை உயர்த்தினேன். கல் ஓடத் தொடங்கியது.

"தடியைத் தாழ்த்தாதே! ஓட விடு! இப்போது சுற்று!" கமலா கத்தினாள். நானும் ஏதோ கத்தினேன். கையிலிருந்து தோள்வரை அந்த உயிர் அடித்தது. மெல்ல மெல்லக் கரைப் பக்கம் வந்தது. குனிந்து, கையை நனைத்து, பிடித்தேன். ஒரு சாண் நீளம். பொன்னும் பழுப்பும் கலந்த உடம்பு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள். அப்பாவின் தட்டில் பாரை, அறக்குளா, சூரை எல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நான் பிடித்தது. நானே.

அடுத்து நடந்தது ஒரு வினாடி. மீனைத் தூக்கி, கமலா பிடித்திருந்த போனுக்கு நேரே திருப்பி, என் கட்டைவிரலால் அதன் செவுளைத் தூக்கினேன். "பாருங்க, என்ன சிவப்பு!" என்று தமிழில் சொன்னேன்.

கொட்டாஞ்சேனையில் செவுள் பார்க்காமல் ஒருவரும் மீன் வாங்குவதில்லை. விலை கேட்பதற்கு முன்பே விரல் உள்ளே போய்விடும். சிவப்பென்றால் இன்றைய மீன், பழுப்பென்றால் நேற்றையது. வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் அப்பாவே செவுளைத் தூக்கிக் காட்டி, "ரத்தத்தைப் பாருங்கோ!" என்பார். அவருடைய நேர்மைக்கு அதுதான் சாட்சி. மீன் வெட்டத் தெரியாத எனக்கும் மீனைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் போகிற இடம் அது ஒன்றுதான்.

என் நகம் உள்ளே எதையோ கிழித்துவிட்டது. இரத்தம் மணிக்கட்டு வழியே ஓடியது. கமலா போனைக் கல்லில் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். மீனை என்னிடமிருந்து வாங்கி, தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துத் தண்ணீருக்குள் பிடித்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றாள். கையை எடுத்தபோதெல்லாம் மீன் சாய்ந்தது. கடைசியில் வெள்ளை வயிறு மேலே வந்தது.

"செவுளுக்குள் ஏன் விரலை விட்டாய்?" அவள் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் இருந்தது. "இங்கே வருகிறவர்கள் மீனைத் தொடவே பயப்படுவார்கள். கீழே போடாதீர்கள் என்றுதான் நான் சொல்லிப் பழக்கம். செவுளைத் தொடாதே என்று யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லையே."

நான் செத்த மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

விடுதியில் ஹீரா மீனைப் பார்த்தான். "சின்ன மீன். யாரும் பார்க்கவில்லைதானே? மஞ்சளும் உப்பும் போட்டுப் பொரித்துவிடுகிறேன். நாளைக்கு இன்னொன்று பிடிப்பாள்."

வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வினாடி. மீன் ஓடுகிறது, நான் சுற்றுகிறேன், குனிகிறேன், தூக்குகிறேன். இருபத்திரண்டாவது வினாடியில் வெட்டினால் ஒரு குறையும் இல்லை. பிறகு மீனை விட்டாள் என்று ரிஸ்வி சேர் நினைத்துக்கொள்வார். குழு எனக்கு. போய்ச் சொன்னால் நான்காம் நாள் தொட்டியில் போய்விடும். ஐந்தாம் நாள் பத்து மணிக்கு வான். வெட்டுகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை மறைப்பதற்கில்லை.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கமலாவிடம் கேட்டேன்.

"உன் இஷ்டம். நீ விருந்தினர்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "சொல்வதாக இருந்தால், விரல் விட்டது உன் பழக்கம் என்று சொல். நான் கற்றுக் கொடுத்ததாக நினைத்துவிடுவார்கள்" என்றாள்.

விருந்தினர் என்ற சொல் மறுபடி வந்தது. போனை வைத்துவிட்டு, மீனை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கமலா என் முன்னால் வழிகாட்டி நடந்தாள்.

சங்கத் தலைவி சாவித்ரி வீட்டு வாசலில் நாலைந்து பெண்களோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், கம்பீரமான மூக்குத்தி. தட்டை முன்னால் வைத்தேன். அவர்கள் பேசும் மலைமொழி எனக்கு விளங்காது; கமலா மொழிபெயர்த்தாள்.

"செவுளுக்குள் எதற்காக விரல் விட்டாள்?"

"மீன் புதுசா என்று பார்க்க."

சாவித்ரி பட்டாணி உரிப்பதை நிறுத்தினாள். "தூண்டிலில் உயிரோடு துள்ளுகிற மீன். அது புதுசா பழசா என்று பார்த்தாளா?"

நான் ஆமென்று தலையாட்டினேன். பிறகு வாசலே சிரித்தது. ஒருத்திக்குப் பட்டாணி மடியிலிருந்து கொட்டியது. இன்னொருத்தி, "தன் புருஷனையும் இப்படித்தான் பார்த்து எடுப்பாளோ!" என்றாள். கமலா அதை மொழிபெயர்க்க மறுத்தாள். நான் விடாமல் கேட்டு வாங்கினேன். "எடுத்தால் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்" என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு முகம் எரிந்தது, ஆனாலும் சிரித்தேன்.

சிரித்து முடிந்ததும் சாவித்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலை ஏழு மணி. சூடான உடுப்பு" என்றாள். தண்டனையில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

மாலையில் அப்பாவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்தில் சந்தைச் சத்தம்.

"அது சரி மகள், செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீன என்னண்டு நம்புறது?"

"அப்பா, அத நான் விக்கேல்ல. விடுறதுக்குப் பிடிச்சது."

"விடுறதுக்கோ?" அவர் யோசித்தார். "விடுறதெண்டா ஏன் பிடிக்கிற?"

"அதக் கமலாட்டக் கேட்டுச் சொல்றன்" என்றேன். "குரூப் கிடைக்காட்டி?" என்று கேட்டார். "நாளண்டைக்கு விடியக் கொஞ்ச நேரம் இருக்கு அப்பா" என்றேன்.

குஞ்சுத் தொட்டிகள் ஊருக்கு மேலே, ஓடை ஒன்றைத் திருப்பிக் கட்டிய ஐந்து சிமெந்துத் தொட்டிகள். காலையில் வலைத் தட்டிகளில் அடைத்த இலையையும் பாசியையும் தூரிகையால் தேய்த்தேன். பிறகு சாவித்ரி உண்மையான வேலையைத் தந்தாள். ஒரு தொட்டியில் வளர்ந்த மீன்களைப் பெரியது, சிறியது என்று பிரித்துப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வலையில் அள்ளினால் செதில் உரசும். ஆகவே அவர்கள் கையால் செய்கிறார்கள். ஒரு கை வயிற்றுக்குக் கீழே, ஒரு கை வால் பக்கம், தண்ணீர் நிறைந்த வாளிக்குள்ளேயே எல்லாம்.

முதல் மீன் என் கையிலிருந்து சீறிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. சாவித்ரி அதை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, என் கட்டைவிரல்களைப் பிடித்து ஆட்காட்டி விரலோடு ஒட்டிவைத்து அழுத்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அழுத்திப் பிடித்தால் மீன் திமிறியது. தாங்கி மட்டும் வைத்தால் நின்றது. செவுள் மூடி தானாகத் திறந்து மூடியது. அதை இத்தனை வருடம் வெளியே இழுத்துத்தான் பார்த்திருக்கிறோம். வேலை செய்யும்போது பார்த்ததில்லை. மதியத்துக்குள் கை சிவந்து, விரல் மடங்கவில்லை. பெண்கள் மக்காச்சோள ரொட்டியும் கீரையும் தந்தார்கள். பட்டாணி கொட்டியவள், சாப்பிடுமுன் ரொட்டியின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்து, "புதுசுதான்" என்றாள். என் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது.

மாலையில் சாவித்ரி, "ஒன்றும் சாகவில்லை" என்றாள். வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஐந்தாம் நாள். ஒப்பந்தப்படி என் நான்கு நாள் முடிந்துவிட்டது. ஒரு நாளை நானே இழந்தேன், ஆகவே அதில் ஒரு காலையைத் திருப்பி எடுப்பது நியாயம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் கமலாவும் நானும் இறங்கினோம். பாறை ஓரத்தில் ஒன்று தட்டிவிட்டுப் போனது. இன்னொன்று மாட்டி, ஓடி, கழன்றது. நான் சபித்தேன். கமலா அது என்ன சொல் என்று கேட்டாள்; சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் மேலே, தண்ணீர் அகன்று மெதுவாகும் இடத்துக்கு நடந்தோம். அங்கே மூன்றாவது வந்தது.

தடியைத் தாழ்த்தவில்லை. ஓடவிட்டேன், சுற்றினேன். மீன் காலருகே வந்ததும் முழந்தாளிட்டு, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டேன். தூக்கவில்லை. ஒரு கை வயிற்றுக்குக் கீழே, ஒரு கை வால் பக்கம். எதிர்முள் இல்லாத பூச்சி, தொட்டதும் கழன்றது. மீன் உடனே போகவில்லை. ஓட்டத்தைப் பார்த்து என் கைக்குள் நின்று, செவுளைத் திறந்து மூடியது. குளிரில் என் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. பிறகு கை காலியாக இருந்தது.

"தூக்கியிருக்கலாமே, ஒரு வினாடி" என்றாள் கமலா போனைப் பார்த்தபடி. "ஒன்றுமே தெரியவில்லை."

உண்மைதான். வீடியோவில் சிவந்த இரண்டு கை. தண்ணீர். ஒரு நிழல். அவ்வளவுதான். நான் வெட்டாமல் இரண்டு வீடியோவையும் ரிஸ்வி சேருக்கு அனுப்பினேன். நடந்ததையும் தொட்டி வேலையையும் குரல் பதிவில் சொன்னேன். சூட்கேஸை மூடிக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார்.

"மகள், மொத வீடியோல மீன் ஈக்குது, ஆனா செத்துட்டு. ரெண்டாவதுல உசிரோட ஈக்குதாம், ஆனா மீனே இல்ல. நான் எதப் போடுற?"

"ரெண்டையும் போடுங்க சேர். வாற ஆக்களுக்கு நான் முதலாவதக் காட்டித்தான் தொடங்குவன்."

"செத்த மீனக் காட்டியா யாவாரம் செய்ற?"

"சேர், எங்கட ஆக்கள் மீனக் கையில எடுத்தா என்ன செய்வினம்? நீங்க என்ன செய்வீங்க?"

ரிஸ்வி சேர் வெள்ளிக்கிழமைதோறும் தானே சந்தைக்குப் போய் மீன் வாங்குகிற மனிதர். மறுமுனையில் பிளேன்டீ கலக்கும் சத்தம் கேட்டது.

"நானும் உள்ளுக்குத்தான் விரல உடுவன்" என்றார் கடைசியில். பிறகு, "டிலான்ட்ட ரெண்டாவதக் காட்டினேன். மீன மேல தூக்காம உட்டது சரியான வேலையாம். பொறாமையிலயும் உண்மையத்தான் சொல்றான். குரூப் ஒனக்கு. பதினோரு பேர்."

நான் நன்றி சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சூட்கேஸைப் பூட்டினேன்.

கமலா வாசலில் நின்றிருந்தாள். "கிடைத்ததா?"

"கிடைத்தது. பதினொரு பேர்."

அவள் கைதட்டவில்லை. விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள்: நான்கு அறை, எத்தனை கட்டில், எத்தனை சப்பாத்து. பிறகு நிமிர்ந்தாள்.

"இதில் உன் ஊரிலிருந்து எத்தனை பேர்?"

"கொட்டாஞ்சேனையிலிருந்து ஆறு பேர். மிச்ச ஐந்து பேரும் வெள்ளவத்தை, அதுவும் கொழும்புதான். எல்லோரும் தாங்களே மீன் வாங்குகிறவர்கள்."

"அப்படியானால் முதல் நாள் ஆற்றுக்குப் போக வேண்டாம்" என்றாள் கமலா. "நேரே சாவித்ரியின் தொட்டிக்குப் போவோம்."